அலை ஏறுது, ரத்தம் இறங்குது... ஆறு எண்களை மூளை பிடித்துவைப்பது எப்படி?

பேங்கிலிருந்து ஓ.டி.பி வருகிறது. ஆறு எண்கள். மெசேஜைப் பார்த்துவிட்டு, ஆப்புக்குத் திரும்பி, அதைத் தட்ட ஏழெட்டு விநாடிகள் போதும். அதற்குள் சமையலறையிலிருந்து, "பால் பொங்குது பாருங்க!" என்று ஒரு குரல். போச்சு! முதல் மூன்று எண்கள் நினைவில் நிற்கின்றன, மற்ற மூன்றைக் காணோம். மறுபடியும் மெசேஜைத் திறக்கிறோம்.

பயப்பட வேண்டாம், இது மறதி நோய் இல்லை. சில விநாடிகளுக்கு மட்டும் ஒரு விஷயத்தைக் கையில் பிடித்துவைத்து, அதை வைத்து வேலை பார்க்கும் திறனை 'வொர்க்கிங் மெமரி' என்கிறார்கள். நாம் 'செயல்நினைவு' என்று வைத்துக்கொள்வோம். பள்ளித்தோழியின் பெயரை இருபது வருடம் கழித்துச் சொல்வது வேறு வகை நினைவு. 47-ஐயும் 38-ஐயும் மனதுக்குள் கூட்டும்போது, 'ஏழும் எட்டும் பதினைந்து, ஐந்தைப் போட்டுவிட்டு மீதி ஒன்று' என்று அந்த ஒன்றை மறக்காமல் வைத்திருக்கிறோம் இல்லையா, அதுதான் செயல்நினைவு.

இந்த வாரம் இதை எழுதக் காரணம், வாசகி ஒருவர் அனுப்பிய மெயில். அவர் மகன் ஐந்தாம் வகுப்பு. கணக்கில் அடிக்கடி அந்த 'மீதி ஒன்றை' விட்டுவிடுகிறானாம். தலையில் பட்டை மாதிரி மாட்டிக்கொண்டால் 'ஆல்ஃபா அலை' கூடும், அலை கூடினால் ஞாபகசக்தி கூடும் என்று ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறார். "வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார்.

ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், ஆல்ஃபா அலைக்கும் நினைவுக்கும் என்ன உறவு என்று விஞ்ஞானிகள் தேடிய கதை அந்தப் பதிலைவிட சுவாரஸ்யமானது. அதைச் சொல்லிவிட்டு பதிலுக்கு வருகிறேன்.

எத்தனை விஷயம் தாங்கும்?

முதலில் இந்தக் கையின் அளவு எவ்வளவு என்று பார்ப்போம். 1956-ல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனிதர்களால் ஒரே நேரத்தில் ஏழு விஷயங்களை, இரண்டு கூடலாம் குறையலாம், மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்று எழுதினார். 2001-ல் நெல்சன் கோவன் என்பவர், மனப்பாட உத்திகளையும் எண்களைச் சேர்த்துச் சேர்த்துச் சொல்லும் தந்திரத்தையும் கழித்துப் பார்த்தால், மிஞ்சுவது ஏறக்குறைய நான்குதான் என்று கணக்குக் காட்டினார். ஆறு எண்களை மூன்று மூன்றாகப் பிரித்து நாம் முணுமுணுப்பது சும்மா இல்லை!

இதை ஆய்வகத்தில் சோதிக்க ஒரு எளிய வழியை 1966-ல் சால் ஸ்டெர்ன்பெர்க் வெளியிட்டார். திரையில் சில எண்களைக் காட்டுவார்கள். பிறகு வெறும் திரை. சில விநாடிகள் கழித்து ஒரே ஒரு எண் வரும். "இது முன்னால் காட்டியதில் இருந்ததா, இல்லையா?" அவ்வளவுதான், பட்டனை அழுத்த வேண்டும். நினைவில் வைக்க வேண்டியவற்றில் ஒன்று கூடினால், பதில் சொல்லும் நேரம் சுமார் 38 மில்லி விநாடி கூடுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். ஒரு விநாடியை ஆயிரம் துண்டாக்கினால் அதில் 38 துண்டு!

இந்தச் சோதனையில் முக்கியமான இடம், அந்த வெறும் திரை. கண்ணுக்கு முன்னால் எதுவும் இல்லை. ஆனால் எண்கள் உள்ளே இருக்கின்றன. அந்தச் சில விநாடிகளில் மூளை என்ன செய்கிறது?

எட்டிப்பார்க்க விஞ்ஞானிகளிடம் இரண்டு ஜன்னல்கள் இருந்தன.

முதல் ஜன்னல்: அலை

ஜெர்மனியின் யேனா நகரத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். இளம் வயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, மயிரிழையில் உயிர் தப்பினார். அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி வந்தது, 'நலமா?' என்று. அவருக்கு ஏதோ ஆபத்து என்று அவருடைய சகோதரிக்கு மனதில் பட்டிருக்கிறது. எண்ணம் காற்றில் பயணித்துச் சகோதரியை எட்டியதாகவே பெர்கர் நம்பினார். மனதின் சக்தி உடம்பில் எங்கே தெரிகிறது என்று தேடுவதே அவர் வாழ்க்கையாகிவிட்டது.

எண்ணம் காற்றில் பறப்பதை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் 1924-ல், மனித மூளையின் மின்சாரத்தை முதன்முறையாகப் பதிவு செய்தார். ஐந்து வருடம் சரிபார்த்துவிட்டு, 1929-ல்தான் வெளியிட்டார். அதுதான் இன்று ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் இ.இ.ஜி. ஆரம்பத்தில் பலர் நம்பவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன், நோபல் பரிசு பெற்றவர், அதைச் செய்துகாட்டிய பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது.

கண்ணை மூடினால் பின்மண்டையில் ஒரு அழகான அலை எழுகிறது. விநாடிக்குச் சுமார் 8 முதல் 13 முறை ஏறி இறங்கும். பெர்கர் அதற்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார். கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். பிறகு வந்தவர்கள், விநாடிக்கு 4 முதல் 8 முறை வரும் மெதுவான அலையைத் தீட்டா என்றார்கள்.

இ.இ.ஜி-யின் பலம், வேகம். மூளையில் நடப்பதை மில்லி விநாடிக் கணக்கில் காட்டும். பலவீனம், இடம். மண்டையோட்டைத் தாண்டி வரும்போது மின்சாரம் கலங்கிப் பரவிவிடுகிறது. எங்கிருந்து வருகிறது என்று துல்லியமாகச் சொல்வது கடினம்.

இரண்டாவது ஜன்னல்: ரத்தம்

இது இன்னும் பழைய கதை. 1870-களில் இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்சலோ மோஸோ என்ற உடலியல் ஆய்வாளர் இருந்தார். பெர்ட்டினோ என்ற விவசாயிக்குத் தலையில் அடிபட்டு, மண்டையோட்டில் ஓட்டை. அதன் வழியே மூளை துடிப்பது தெரியும். மோஸோ அதைக் கருவியில் பதிவு செய்துகொண்டிருந்தபோது, மதியம் கோயில் மணி அடித்தது. பெர்ட்டினோவின் மூளைத் துடிப்பு சட்டென்று பெரிதானது. கையில் நாடித்துடிப்பு மாறவில்லை! 'ஜெபம் சொல்ல வேண்டிய நேரமாயிற்றே என்று நினைத்தாயா?' என்று கேட்டார். ஆமாம் என்றார் அவர். பிறகு எட்டைப் பன்னிரண்டால் பெருக்கச் சொன்னபோதும் துடிப்பு கூடியது. மனக்கணக்குப் போட்டால் மூளைக்கு ரத்தம் பாய்கிறது!

நூறு வருடம் தாண்டி, 1990-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேஜி ஒகாவா இதை ஓட்டை போடாமலே பார்க்க வழி கண்டார். ஆக்சிஜனை இழந்த ரத்தத்துக்குக் கொஞ்சம் காந்தக் குணம் உண்டு, ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்துக்கு அது இல்லை. மூளையில் ஒரு பகுதி வேலை செய்தால், தேவைக்கும் அதிகமாகவே புது ரத்தம் அங்கே ஓடிவரும். ஸ்கேன் மெஷினின் காந்தம் அந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடும். 1992-ல் மனிதர்களிடமும் செய்துகாட்டினார்கள். இதுதான் எஃப்.எம்.ஆர்.ஐ. செய்திகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் 'பற்றி எரிகிற' மூளைப் படங்கள் வருமே, அவை இந்த மெஷின் கொடுத்தவை. (நினைவுச் சோதனையை வெளியிட்டபோது ஸ்டெர்ன்பெர்க் இருந்ததும் அதே பெல் ஆய்வகம்தான். டெலிபோன் கம்பெனிக்கு நம் நினைவு மேல் அக்கறை இருக்காதா என்ன!)

எஃப்.எம்.ஆர்.ஐ-யின் பலம், இடம். சில மில்லிமீட்டர் துல்லியத்தில் சொல்லும். பலவீனம், தாமதம். மூளை வேலை செய்து, ரத்தம் வந்து, சிக்னல் உச்சத்தைத் தொட ஐந்தாறு விநாடி ஆகிவிடும்.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே ரோட்டில் நிற்பவருக்குக் கெட்டிமேளம் கேட்கும். தாலி கட்டும் நொடி அவருக்குச் சரியாகத் தெரியும். ஆனால் உள்ளே யார் எந்த வரிசையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாது. அது இ.இ.ஜி. பந்தியில் சாம்பார் வாளி எந்த இலைக்குப் போகிறது என்று பார்ப்பவருக்கு, எந்த வரிசையில் கேட்டார்கள் என்று தெரியும். ஆனால் கேட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாளி வரும். அது எஃப்.எம்.ஆர்.ஐ.

புதிர் எங்கே ஆரம்பித்தது?

நினைவுச் சோதனையில் இ.இ.ஜி எடுத்தவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனித்தார்கள். ஒன்று, நெற்றிக்கு மேலே நடுமண்டையில் தீட்டா அலை கூடுகிறது. நினைவில் வைக்க வேண்டியது கூடக் கூட, அலையும் கூடுகிறது. சரி, மூளை பாடுபடுகிறது, புரிகிறது.

இரண்டாவதுதான் குழப்பம். 2002-ல் ஓலே யென்சன் குழுவினர், அந்த வெறும் திரை நேரத்தில் பின்மண்டையில் ஆல்ஃபா அலையும் கூடுவதாகக் காட்டினார்கள். சுமை ஏற ஏற ஆல்ஃபாவும் ஏறியது. ஆல்ஃபா என்பது கண்ணை மூடிச் சும்மா இருக்கும்போது வரும் அலை என்றுதானே பல காலமாகச் சொல்லிவந்தார்கள்? கஷ்டப்பட்டு எழுத்துகளை நினைவில் வைத்திருக்கும்போது எதற்கு ஓய்வு அலை?

அலை கூடுகிறது என்றால் அந்த இடம் அதிகம் வேலை செய்கிறதா, குறைவாகச் செய்கிறதா? இ.இ.ஜி-யை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு நாள் இ.இ.ஜி, இன்னொரு நாள் எஃப்.எம்.ஆர்.ஐ என்று எடுத்து ஒப்பிடலாம்தான். ஆனால் மனசு ஒரே மாதிரி இருப்பதில்லையே! ஒரு சுற்றில் கவனமாக இருப்போம், அடுத்த சுற்றில் 'மதியம் என்ன சமைக்கலாம்' என்று போய்விடுவோம். இந்தச் சுற்றில் அலை ஏறியபோது, இதே சுற்றில் ரத்தம் எங்கே போனது? இதைக் கேட்க, இரண்டையும் ஒரே தலையில் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்.

காந்தத்துக்குள் ஒயர்கள்

கேட்க எளிது, செய்வது பெரும்பாடு. ஆய்வுகளில் அதிகம் பயன்படும் 3 டெஸ்லா ஸ்கேன் மெஷினின் காந்தம், பூமியின் காந்தப்புலத்தைப்போல சுமார் 60,000 மடங்கு பலமானது. அதற்குள் தலை நிறைய ஒயர்களோடு ஒருவரைப் படுக்கவைக்க வேண்டும். அதற்கென்றே தனியாகச் செய்த ஒயர்களும் கருவியும் இல்லாவிட்டால் தோல் சூடாகிவிடும் அபாயம் உண்டு.

இ.இ.ஜி பிடிக்கும் மின்சாரமோ சில பத்து மைக்ரோ வோல்ட். சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியோடு ஒப்பிட்டால் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. ஸ்கேன் மெஷின் ஓடும்போது ஒயரில் கிளப்பும் மின் இரைச்சல் அதைவிடப் பல மடங்கு பெரியது. போதாததற்கு, இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் தலை நூலிழை அசையும். காந்தத்துக்குள் ஒயர் அசைந்தால் அதுவே மின்சாரம்!

1993-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஐவ்ஸ் குழுவினர் முதன்முறையாக ஸ்கேன் மெஷினுக்குள் இ.இ.ஜி எடுத்துக்காட்டினார்கள். ஆரம்பகால ஆர்வமெல்லாம் வலிப்பு நோயாளிகளுக்காக. வலிப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தெரிந்தால் ஆபரேஷனுக்கு உதவுமே. 2000-ல் லண்டனில் ஆலன் குழுவினர் இரைச்சலுக்கு ஒரு வழி சொன்னார்கள். மெஷின் சத்தம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி திரும்ப வரும், மூளை அலை அப்படி வராது. எனவே, பல சுற்றுகளின் சராசரியை எடுத்து அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது மூளை. மிக்ஸி ஓடும்போதும் அம்மா கூப்பிடுவது நமக்குக் காதில் விழுகிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

இரண்டு ஜன்னலும் சேர்ந்து காட்டியது

2002-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கோல்ட்மேன் குழுவினர், சும்மா படுத்திருப்பவர்களிடம் இதைச் செய்தார்கள். ஆல்ஃபா கூடியபோது, பார்வைக்கான பின்மண்டைப் பகுதியில் ரத்த சிக்னல் குறைந்தது. மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் பகுதியிலோ கூடியது. 'அலை கூடினால் ரத்தமும் கூடும்' என்ற நேர்க்கணக்கு அங்கேயே உடைந்தது.

2009-ல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில், ரெனே ஸ்கீரிங்கா குழுவினர் நினைவுச் சோதனையை மெஷினுக்குள் கொண்டுபோனார்கள். ஸ்டெர்ன்பெர்க்கின் அதே முறை. வெறும் திரை நேரத்தில் அலை எவ்வளவு ஏறியது, ரத்தம் எங்கே மாறியது என்று ஒவ்வொரு சுற்றாக ஒப்பிட்டார்கள்.

ஆல்ஃபா அதிகம் ஏறிய சுற்றுகளில், கண் பார்ப்பதைக் கையாளும் பகுதியில் ரத்த சிக்னல் இறங்கியது. நெற்றிப்பக்கத் தீட்டா அதிகம் ஏறிய சுற்றுகளில், இன்னொரு கூட்டணி இறங்கியது. அதற்கு 'டீஃபால்ட் மோட் நெட்வொர்க்' என்று பெயர். 2001-ல் அமெரிக்காவின் மார்கஸ் ரெய்க்லே பெயர் வைத்து விளக்கியது. நாம் எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போது சுறுசுறுப்பாகும் பகுதிகள் இவை. பழசை அசைபோடுவது, 'அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்க' என்று குமைவது, நாளைக்குத் திட்டமிடுவது, எல்லாம் இங்கே ஓடும் வேலைகள்.

ஆக, நினைவைப் பிடித்துவைக்கும் மூளை இரண்டு காரியம் செய்வதாகத் தெரிகிறது. வெளியிலிருந்து புதுக்காட்சி வந்து கலைக்காமல் வாசல் கதவைச் சாத்துகிறது. உள்ளே ஓடும் மனப்பேச்சின் வால்யூமைக் குறைக்கிறது. ஆல்ஃபா இங்கே சோம்பல் அலை இல்லை, காவல் அலை.

இதில் இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். அலையும் ரத்தமும் சேர்ந்து மாறுகின்றன என்பதால், ஒன்றுதான் மற்றதை நடத்துகிறது என்று ஆகிவிடாது. கதவு, வால்யூம் என்பதெல்லாம் அந்த அளவீட்டுக்குக் கொடுக்கப்படும் விளக்கம். அடுத்து, எல்லா ஆய்வும் ஒரே பதிலைத் தரவில்லை. சோதனையை மாற்றினால், பார்க்கும் இடத்தை மாற்றினால், தீட்டாவோடு ரத்தம் கூடுவதும் உண்டு, குறைவதும் உண்டு.

சரி, அந்தப் பட்டையை வாங்கலாமா?

வாசகிக்கு என் பதில்: அந்த விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம்.

காரணம் மேலேயே இருக்கிறது. ஆல்ஃபாவைக் கூட்டுவது பெரிய வித்தை இல்லை, கண்ணை மூடினாலே பெரும்பாலானவர்களுக்குக் கூடும். அது கூடியதும் ஞாபகசக்தி கூடிவிடும் என்றால், பரீட்சை ஹாலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாலே சென்டம் வாங்கிவிடலாமே! நினைவுச் சோதனையில் ஆல்ஃபா ஏறுவது, குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட இடத்தில், ஒரு காரியத்துக்காக. பார்க்க வேண்டிய நேரத்தில் அதே அலை இறங்கியாக வேண்டும். கரும்பலகையைப் பார்க்க வேண்டிய பையனுக்குப் பார்வைக் கதவு சாத்தியிருந்தால் என்ன லாபம்? 'அதிகம் என்றால் நல்லது' என்பது ஆல்ஃபாவுக்குப் பொருந்தாது.

அதேபோல, 'இந்தப் பயிற்சிக்கு முன், பின்' என்று இரண்டு மூளைப் படங்களைப் போட்டு, பின்னதில் சிவப்பு அதிகம் என்று காட்டினால் மயங்கிவிடாதீர்கள். அந்த நிறங்கள், ஒரு நேரத்துக்கும் இன்னொரு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப்போட்டுப் பூசியவை. நினைவு நன்றாக வேலை செய்யும்போது சில இடங்கள் அடங்கித்தான் இருக்கும் என்று இப்போது நமக்குத் தெரியும்.

இன்னொன்று. அலையும் ரத்தமும் சேர்த்துப் பார்க்கும் இந்தப் பரிசோதனை பெரும்பாலும் ஆய்வகங்களிலும், வலிப்பு நோய்க்கான பெரிய மையங்கள் சிலவற்றிலும்தான். பிள்ளை கணக்கில் மீதியை மறப்பதற்கோ, நாம் ஓ.டி.பி-யை மறப்பதற்கோ இது தேவையில்லை. பிள்ளைக்குப் படிப்பில் தொடர்ந்து சிரமம் இருந்தால், ஆசிரியரிடமும் குழந்தை நல மருத்துவரிடமும் பேசுங்கள். வீட்டுப் பெரியவருக்குத் திடீரென்று குழப்பமோ மறதியோ வந்தால், எந்த விளம்பரத்தையும் தேடாமல் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

பிள்ளைகளின் செயல்நினைவு பெரியவர்களுடையதைவிடச் சிறியது, வயதோடு வளர்வது. "பையை வச்சுட்டு, கை கால் கழுவிட்டு, டைரியை எடுத்துக்கிட்டு, தண்ணி பாட்டிலை சிங்க்ல போட்டுட்டு வா" என்றால், பாட்டில் பைக்குள்ளேயே இருப்பதில் ஆச்சரியமில்லை. நான்கு வேலையை ஒரே மூச்சில் சொல்லாமல், ஒன்று முடிந்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள்.

மீதி ஒன்றை மனதில் வைக்காமல், பேப்பரில் மேலே சின்னதாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அது ஏமாற்று வேலை இல்லை. கையில் இருப்பதைக் கீழே வைத்தால்தானே அடுத்ததை எடுக்க முடியும்! ஓ.டி.பி-யை மூன்று மூன்றாகப் பிரித்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுங்கள். (பக்கத்தில் வெளியாள் இருந்தால் மனதுக்குள்.)

கடைசியாக ஒன்று. பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டு, பென்சிலைக் கடித்தபடி எங்கேயோ வெறித்துப் பார்த்தால், "என்ன கனவு காண்றே?" என்று அதட்டிவிடாதீர்கள். உள்ளே பதினைந்தும், மீதி ஒன்றும் பத்திரமாகப் பிடித்துவைக்கப்பட்டிருக்கலாம். ஒரு பத்து விநாடி பொறுங்கள். டி.வி-யின் சத்தத்தையும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.